தலைவலி தானே!

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்பது நம் நாட்டுப் பழமொழி. சொல்லிச் சிரிக்கிறோம். மருத்துவத்தின் நெடிய வரலாற்றோடு இதனைப் பொருத்திப் பார்த்தாலோ, சிரிப்பு உதட்டிலேயே உறைந்துவிடும். தலைநோவு பற்றிய அறிவு, பெரும்பாலும், அறிஞர்க்கே அந்நோய் வந்தபோதுதான் வளர்ந்தது. பிறர்க்கு வந்தபோது? பேய் என்றனர், பித்தம் என்றனர், பாவத்தின் சம்பளம் என்றனர். அந்தப் பிறர் ஒரு பெண்ணாக இருந்துவிட்டால், பாசாங்கு என்றனர்!

காய்ச்சல் என்றால் வெப்பமானி காட்டிக்கொடுக்கும். எலும்பு முறிவென்றால் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துரைக்கும். நீரிழிவுக்குக் குருதியே சான்று. ஆனால் ஒற்றைத் தலைவலிக்கு? இன்றுவரை, ஆம், இந்த இருபத்தோராம் நூற்றாண்டிலும், "இதோ இருக்கிறது அந்நோய்" என்று சுட்டிக்காட்டும் கருவி ஒன்றில்லை. நோயாளி வாய் திறந்து சொல்லவேண்டும். மருத்துவர் செவி திறந்து கேட்கவேண்டும். அந்நோயைக் கண்டறியும் கலை முழுவதும் இவ்விரண்டில் அடங்கிக் கிடக்கிறது. ஆகவேதான் தலைவலியின் வரலாறு, யாருடைய சொல்லை இவ்வுலகம் நம்பிற்று, யாருடைய சொல்லைத் தள்ளிற்று என்பதன் வரலாறாகவும் இருக்கிறது.

பண்டைய மெசபொத்தேமியாவின் களிமண் ஏடுகளில் தலைவலியை விரட்டும் மந்திரங்கள் உள்ளன. பாலைவெளியில் திரியும் தீய ஆவி ஒன்று மனிதனின் தலையைப் பற்றிக்கொள்வதாக அவர்கள் எண்ணினர். எகிப்தியர் ஒருபடி முன்னேறினர். கி.மு. 1550 அளவில் எழுதப்பட்ட ஈபர்ஸ் பாப்பிரஸ் ஏட்டில், தலையின் பாதியில் வரும் நோவுக்கு மருந்தே கூறப்பட்டிருக்கிறது: கெளுத்தியின் மண்டையோட்டை எண்ணெயில் வறுத்து, அதனைத் தலையில் பூசுவது. மருந்தைக் கேட்டு நகைக்க வேண்டாம். 'பாதித் தலை' என்று நோயாளி சொன்னதை எவனோ ஓர் எகிப்தியன் காதில் வாங்கியிருக்கிறான், குறித்தும் வைத்திருக்கிறான். அதுவே பெரிது!

கிரேக்க நாட்டிலே பகுத்தறிவின் கீற்றுத் தோன்றியது. ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் நூல்கள், காக்காய் வலிப்பைத் தெய்வக் குற்றம் என்போரைச் சாடின. நோய்க்கு இயற்கையான காரணமே உண்டு என்று முழங்கின. கண்ணில் ஓர் ஒளி மின்னி, அதன்பின் நெற்றிப்பொட்டில் வலி மூண்ட ஒருவனைப் பற்றிய குறிப்பும் அவற்றில் உண்டு. பின்னர்க் கப்பதோசிய நாட்டு அரெட்டியஸ் தலைநோவை மூவகையாகப் பிரித்தார்: வந்துபோவது ஒன்று, நீடித்து நிற்பது ஒன்று, ஒருபாதியை மட்டும் தாக்குவது ஒன்று. மூன்றாம் வகையினர் ஒளியை வெறுப்பர், இருளையே நாடுவர் என்றும் எழுதினார். அடுத்து வந்த கேலன் அதற்கு 'ஹெமிக்கிரேனியா' என்று பெயரிட்டழைத்தார். 'ஹெமி' என்றால் பாதி; 'கிரேனியான்' என்றால் மண்டை. அந்தச் சொல்லே இலத்தீனில் தேய்ந்து, பிரெஞ்சில் திரிந்து, 'மைக்ரேன்' ஆயிற்று. தமிழன் 'ஒற்றைத் தலைவலி' என்றான். கடல் பல கடந்து வாழ்ந்த மக்கள் ஒரே நோவுக்கு ஒரே பொருளில் பெயர் வைத்திருக்கின்றனர். நோவு எங்கும் ஒன்றுதானே! பெயரிலே ஒரு குறை மட்டும் உண்டு. இந்நோய் இருபுறமும் தாக்குவதும் உண்டு. "எனக்குத் தலை முழுவதும் வலிக்கிறது, ஆகவே இது ஒற்றைத் தலைவலி அன்று" என்று ஏமாறுவோர் இன்றும் பலர்.

அரபு மொழியில் எழுதிய இப்னு சீனா, 980 முதல் 1037 வரை வாழ்ந்த பேரறிஞர், இந்நோயாளர் பேச்சொலியும் பொறாது, வெளிச்சமும் பொறாது, இருளில் தனித்துக் கிடக்க விழைவதைக் குறித்துள்ளார். ஆனால் அக்காலத்துச் சிகிச்சையோ! நெற்றிப்பொட்டைக் கீறிப் பூண்டுப் பல்லைச் செருகுவதும், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவதும் மருத்துவமாக நிலவின. அறிகுறி கண்ட கண் கூர்மையானது. தீர்க்க நீண்ட கையோ கொடுமையானது.

இனி, நம் கட்டுரையின் நாயகிக்கு வருவோம்.

இங்கிலாந்திலே, 1631-ஆம் ஆண்டு டிசம்பரில், ஆன் ஃபின்ச் என்ற பெண் பிறந்தாள். பிறப்பதற்கு முன்பே தந்தை இறந்துவிட்டார். நூல்களோடு வளர்ந்தாள், இலத்தீன் கற்றாள். பல்கலைக் கழகத்தின் கதவு பெண்ணுக்குத் திறவாத காலம் அது. ஆகவே கேம்பிரிட்ஜில் தத்துவம் கற்பித்த ஹென்றி மோர் என்ற அறிஞரோடு கடிதத்தின் வழியாகவே வாதிட்டுக் கற்றாள். கட்டடத்திற்குள் நுழையக்கூடாது, கடிதத்திற்குள் நுழையலாம் போலும்! கான்வே என்னும் பிரபுவை மணந்து ஆன் கான்வே அம்மையார் ஆனார்.

பன்னிரண்டாம் வயதளவில், ஒரு காய்ச்சலுக்குப்பின், தலைவலி தொடங்கியது, சாகும்வரை விடவில்லை. செல்வர் வீட்டுப் பெண்ணாதலால் மருத்துவர்க்குப் பஞ்சமில்லை. குருதி உடலைச் சுற்றி வருகிறது என்று 1628-இல் உலகுக்கு உணர்த்திய வில்லியம் ஹார்வியே வந்து பார்த்தார். அவர் கூறிய யோசனை யாது? மண்டையோட்டைத் துளைக்கலாம் என்பது. அம்மையார் அதற்கும் துணிந்தார். வலியின் கொடுமையை இதைவிட வேறெப்படி விளக்குவது? 1656-இல் பிரான்சு நாட்டுக்குச் சென்றார். அங்குள்ள அறுவை மருத்துவர் துளைக்க அஞ்சி, தமனியைத் திறந்து குருதி வடித்தனர். பயனில்லை. பாதரசம் பூசினர்; வாயில் எச்சில் ஓயாது ஒழுகி, உயிர் ஊசலாடியது. பயனில்லை. ஊற்றுநீரில் குளித்தார், காப்பி அருந்தினார், பொடிகள் உண்டார். எதுவும் பலிக்கவில்லை.

மருத்துவம் கைவிட்ட இடத்தில் மாயம் நுழைவதுதானே வழக்கம்? அயர்லாந்து நாட்டிலிருந்து வேலன்டைன் கிரேட்ரேக்ஸ் என்பவரை வரவழைத்தார் கணவர். கையால் தடவியே நோய் தீர்ப்பவர் என்று பெயர் பெற்றவர் அவர். 1666-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ராக்லி மாளிகைக்கு வந்தார். சுற்றுவட்டாரத்து நோயாளிகள் கூட்டம் கூட்டமாகத் திரண்டனர். "எனக்குக் குணமாயிற்று", "எனக்கும்" என்று பலர் கூவினர். யாருக்காக அவர் கடல் கடந்து வந்தாரோ அவர் தலையில் கை வைத்தார், தடவினார், மீண்டும் தடவினார். வலி அசையவில்லை. அம்மையார் நேர்மையாளர். ஊரெல்லாம் குணமாயிற்று என்று கூவும்போது, "எனக்கு ஆகவில்லை" என்று சொல்லும் நெஞ்சுரம் அவரிடம் இருந்தது. வேதியலறிஞர் ராபர்ட் பாயில் போன்றோரே பின்னர் அத்தடவலைக் கண்டு சான்று கூறினர் என்பதை எண்ணிப் பார்த்தால், அவ்வம்மையாரின் ஒரு சொல்லுக்குள்ள எடை விளங்கும். வேப்பிலை அடித்தும், தாயத்துக் கட்டியும், மிளகாயும் உப்பும் சுற்றிப்போட்டும் 'போயே போய்விட்டது' என்று சுற்றத்தாருக்காகச் சொல்லிவிட்டு, இரவில் தலையணைக்குள் முகம் புதைக்கும் நம் வீட்டுப் பெண்களை இவ்விடத்தில் நாம் நினைக்காமலிருக்க முடியவில்லை.

அம்மையாரைப் பார்த்த மருத்துவருள் ஒருவர் தாமஸ் வில்லிஸ். மூளையின் கட்டமைப்பை ஆராய்ந்து புகழ் பெற்றவர். அவரும் நோயைத் தீர்க்கவில்லை. ஆனால் மற்றவர் செய்யாத ஒன்றைச் செய்தார். கேட்டதையும் கண்டதையும் அப்படியே எழுதினார். 1672-இல் வெளிவந்த நூலில், உயர்குடிப் பெண் ஒருத்தியின் தலைநோவை அவர் வருணிக்கிறார். வலி சிலபோது ஒருபுறம், சிலபோது மறுபுறம், பலபோது தலை முழுவதும் பரவும். ஒரு பகலும் ஓர் இரவுமாவது நீளும். இரண்டு, மூன்று, நான்கு நாள் நீள்வதும் உண்டு. வலி இருக்கும்போது ஒளி ஆகாது, ஓசை ஆகாது, அசைவு ஆகாது. அறையை இருளாக்கிக்கொண்டு, படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி, யாரோடும் பேசாது, உண்ணாது, உறங்காது இருப்பாள். வலி தணியும் வேளையில் கனத்த உறக்கம் வரும், விழித்தெழும்போது நலமாயிருப்பாள். இவ்வளவும் எழுதிய வில்லிஸ், தம் மருந்துகளும் பிறர் மருந்துகளும் தோற்றன என்பதையும் மறைக்கவில்லை. பெண்ணின் பெயரை மட்டும் எழுதவில்லை. அவர் ஆன் கான்வே அம்மையாரே என்பது வரலாற்றாசிரியர் கருத்து.

பெயரில்லாத நோயாளியாக அவர் மருத்துவ நூலில் இடம் பெற்றார். தத்துவ நூலிலும் அதே கதைதான். வலி விட்ட இடைவேளைகளில், குறிப்பேட்டில் தம் கருத்துக்களை எழுதி வைத்தார். உடல் வேறு, உயிர் வேறு என்று வெட்டிப் பிரித்த பேரறிஞர் டெக்கார்ட்டின் கொள்கையை மறுத்தார். உடலின் நோவு உள்ளத்தை ஏன் வாட்டுகிறது, இரண்டும் முற்றிலும் வேறு என்றால் இது எவ்வாறு நிகழும் என்று கேட்டார். ஏட்டறிவு எழுப்பிய வினாவா அது? தலைமாட்டில் அமர்ந்திருந்த வலி எழுப்பிய வினா! 1679-இல் மறைந்தார். 1690-இல் ஆம்ஸ்டர்டாமில் இலத்தீன் மொழியில் அந்நூல் அச்சேறியது. ஆசிரியர் பெயர் இல்லை. ஜெர்மானியப் பேரறிஞர் லைப்னிட்ஸ் அவரை மதித்துக் குறிப்பிட்டார். அம்மையாரின் கடிதங்கள் தொகுக்கப்பட்டு நூலாக வந்ததோ 1930-இல்!

இருநூறு ஆண்டுகளை ஒரே தாவலில் தாண்டுவோம். 1870-ஆம் ஆண்டு. இலண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்வேட்டில் ஹூபர்ட் ஏரி என்ற மருத்துவர் ஒரு கட்டுரை எழுதுகிறார், வண்ணப் படங்களோடு. தலைவலிக்கு முன்பு தம் கண்முன் தோன்றும் காட்சியையே அவர் வரைந்திருந்தார். பார்வையின் நடுவே சிறு மங்கல். அது விரிந்து விரிந்து, ஓரமெல்லாம் வளைந்து மடிந்து, மின்னும் வண்ணக் கோடுகளாகி, கொத்தளங்கள் சூழ்ந்த கோட்டை மதிலைப்போல் தோன்றும். அரைமணி அளவில் மறையும். அவர் தந்தையார் ஜார்ஜ் ஏரி, இங்கிலாந்தின் அரச வானியலாளர். அவருக்கும் அதே காட்சி. 1865-இல் அவரும் அதை எழுதியிருந்தார். விண்மீனை அளந்த கண்கள் பொய் சொல்லுமா? ஒருவரும் ஐயுறவில்லை. உலகம் நம்பியது, ஆய்வேடு அச்சிட்டது.

நாம் ஏரியைக் குறை கூறவில்லை. அவர் செய்தது அருந்தொண்டு. நாம் கேட்பது வேறு. அவருக்கு முன் எத்தனை ஆயிரம் பெண்கள் இதே கோட்டை மதிலைக் கண்டிருப்பர்! கண்டேன் என்று சொன்னபோது 'பித்தம் தலைக்கேறியது', 'ஆவி புகுந்தது' என்றுதானே கேட்டிருப்பர்! ராயல் சொசைட்டியில் பெண்கள் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதே 1945-இல்தான்.

ஏரிக்குப் பின் மூன்றாண்டில், 1873-இல், எட்வர்ட் லைவிங் என்பவர் இந்நோய் பற்றிப் பெருநூல் ஒன்று எழுதி, இதனை 'நரம்புப் புயல்' என்றார். 1941-இல் கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க அறிஞர், மீண்டும் தமக்கே வந்த கண்காட்சியைத் தாளில் அளந்து, மூளையின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்கிறது என்று கணக்கிட்டார். 1944-இல், பிரேசில் நாட்டு இளைஞர் அரிஸ்டிடிஸ் லியாவ், முயலின் மூளையில் அதே மெல்லிய வேகத்தில் பரவிச் செல்லும் ஓர் அடங்கல் அலையைக் கண்டார். முயலின் மூளையில் கண்ட அலையும், மனிதன் கண்ணில் கண்ட மதிலும் ஒன்றோடொன்று பொருந்தின! 2001-இல், கண்காட்சி தோன்றும் வேளையிலேயே மனித மூளையைப் படம் பிடித்துப் பார்த்தபோதும் அத்தகைய அலையின் சுவடு தெரிந்தது. பேயென்று அஞ்சியதும் பித்தென்று இகழ்ந்ததும், நிமிடத்துக்கு மூன்று மில்லிமீட்டர் ஊரும் ஓர் இயற்கை நிகழ்ச்சி.

அறிவியலின் நடையும் நேர்க்கோட்டில் செல்வதில்லை. நியூயார்க் மருத்துவர் ஹெரால்டு வுல்ஃப், 1938-இல் நெற்றிப்பொட்டின் தமனித் துடிப்பை அளந்து, எர்காட்டமைன் மருந்தால் துடிப்பும் வலியும் ஒருங்கே தணிவதைக் காட்டினார். நல்ல வேலை! ஆனால் அதற்கு முந்தைய ஆண்டிலேயே, இந்நோயாளர்க்கென்று ஒரு தனி 'மனப்பாங்கு' உண்டு என்றும் எழுதியிருந்தார்: எதையும் ஒழுங்காகச் செய்ய முயலும் பிடிவாதம், தளராத உழைப்பு, உள்ளே அடக்கிய சினம் என்றெல்லாம். விளைவென்ன? தலைவலி அவரவர் குணத்தால் வருவது, வருவித்துக்கொள்வது என்ற எண்ணம் வெள்ளைச் சட்டை அணிந்து திரும்பி வந்தது. பழைய காலத்தில் 'முன்வினை' என்றனர்; புதிய காலத்தில் 'மனப்பாங்கு' என்றனர். குற்றவாளி இருமுறையும் நோயாளியே!

இந்தக் குழப்பத்திலிருந்து விடுவித்தது, ஒரு பெரிய கண்டுபிடிப்பு அன்று, ஒரு பட்டியல். 1962-இல் அமெரிக்காவில் ஒரு குழு தலைவலிகளை வகைப்படுத்தியது. அதிலிருந்த வரையறைகள் தளர்ச்சியானவை. 'பெரும்பாலும்', 'சிலபோது' என்ற சொற்கள் மலிந்தவை. பின்னர் டென்மார்க் நாட்டு யெஸ் ஓல்சன் தலைமையில் பன்னாட்டுத் தலைவலிக் கழகம் 1988-இல் கறாரான அளவுகோலை வெளியிட்டது. 2004-இலும் 2018-இலும் அது திருத்தப்பட்டது. அதன்படி, முன்காட்சி இல்லாத ஒற்றைத் தலைவலி என்று சொல்ல, ஐந்து முறையேனும் வலி வந்திருக்கவேண்டும். மருந்தில்லாமல் விட்டால் 4 மணி முதல் 72 மணி நேரம் நீடிக்கவேண்டும். ஒருபுறம் இருத்தல், விண்விண்ணென்று தெறித்தல், வேலையை முடக்கும் அளவு கடுமை, நடந்தாலோ படியேறினாலோ மிகுதல் என்ற நான்கில் இரண்டாவது வேண்டும். அதோடு, குமட்டல் அல்லது வாந்தி வேண்டும்; இல்லையேல் ஒளியும் ஒலியும் இரண்டுமே பொறாமை வேண்டும். வேறொரு நோய் காரணமாக இருத்தலும் கூடாது.

இந்த அளவுகோலைக் கையில் ஏந்தி, 1672-இல் வில்லிஸ் எழுதியதை மீண்டும் படித்துப் பாருங்கள். ஒருபுறம், மறுபுறம். ஒருநாள் முதல் சில நாள். ஒளி ஆகாது, ஓசை ஆகாது, அசைவு ஆகாது. நோயைக் கண்டறிய வேண்டியவற்றில் பெரும்பகுதி, அந்த அம்மையாரின் இருட்டறையில், அவர் சொல்லிலேயே கிடந்தது. மண்டையைத் துளைக்கத் தேவையிருக்கவில்லை.

அளவுகோல் வந்ததனால் மற்ற வலிகளும் தத்தம் பெயரைப் பெற்றன. தலையைச் சுற்றிப் பட்டை கட்டி இறுக்கியது போன்ற வலி, அரைமணியோ ஏழு நாளோ நீளக்கூடியது, குமட்டல் இல்லாதது. அதுவே மக்களிடை மிகப் பரவியது. இன்னொன்று கொடியது: ஒரு கண்ணைச் சுற்றி ஆணி அறைந்தாற்போல் 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை வருவது; அக்கண் சிவந்து நீர் வடியும்; ஒற்றைத் தலைவலிக்காரர் அசையாது கிடப்பார், இவரோ இருப்புக்கொள்ளாமல் நடப்பார், சுவரில் முட்டிக்கொள்வார். படுத்திருக்கிறாரா, நடக்கிறாரா என்ற ஒரே கேள்வி ஒரு நோயை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டிவிடக்கூடும்!

கருவிகளால் பயனே இல்லையா? உண்டு, பெரும்பயன் உண்டு. 1851-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆக்கிய விழிநோக்கி, கண்ணின் ஆழத்தில் நரம்பு வீங்கியிருப்பதைக் காட்டி, மண்டைக்குள் அழுத்தம் மிகுந்ததை அறிவித்தது. 1971 அக்டோபரில் இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலை சி.டி. கருவியால் படமெடுக்கப்பட்டது. இவையெல்லாம் ஒற்றைத் தலைவலியைக் காட்டுவன அல்ல. அதன் வேடத்தில் வரும் எமனைக் காட்டுவன. எவருக்கு அவை வேண்டும் என்பதையும் நோயாளியின் சொல்லே தீர்மானிக்கிறது. இடி விழுந்தாற்போல் ஒரு நிமிடத்திற்குள் உச்சத்தை எட்டிய வலியா? காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்ததா? கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், வலிப்பு, நினைவு மாறாட்டம் உண்டா? தலையில் அடிபட்டதா? கருவுற்ற காலத்திலோ மகப்பேற்றை ஒட்டியோ புதிதாக வந்ததா? ஐம்பது வயதுக்குமேல் முதன்முறையாக வந்ததா? மெல்லும்போது தாடை வலித்து, பார்வையும் மங்குகிறதா? இவற்றில் ஒன்றிருந்தாலும் பற்றுப் போட்டுக் காத்திருத்தல் ஆகாது, மருத்துவமனைக்கு ஓடவேண்டும். இவை எதுவும் இல்லாமல், பல்லாண்டாக ஒரே முறையில் வந்துபோகும் வலிக்கு, மருத்துவர் பரிசோதித்து நரம்புகள் செம்மையாக உள்ளன என்று கண்டபின், கடன் வாங்கி ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றதும் "ஒன்றுமில்லையாம், எல்லாம் நடிப்பு" என்று முடிவு கட்டும் மாமியார்களுக்கும் கணவன்மார்களுக்கும் இதை உரக்கச் சொல்ல விரும்புகிறோம். ஒற்றைத் தலைவலிக்காரருக்குப் படம் நன்றாக இருப்பதுதான் இயல்பு!

மருந்துக் கடையைப் பற்றியும் ஒரு சொல். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்திற்கு மேல் விழுங்கி வந்தால், அம்மாத்திரையே தலைவலியை வளர்க்கும். கலவை மாத்திரைகளுக்கு 10 நாளே எல்லை. வலிக்கு மாத்திரை, மாத்திரையால் வலி! சுழலை அறிந்து அறுப்பதற்கும் மருத்துவர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: "மாதத்தில் எத்தனை நாள் விழுங்குகிறீர்கள்?"

1990-இல் பீட்டர் கோட்ஸ்பி, லார்ஸ் எட்வின்சன் இருவரும், வலியின் வேளையில் சி.ஜி.ஆர்.பி. என்ற பொருள் கழுத்துக் குருதியில் மிகுவதைக் கண்டனர். அதனைத் தடுக்கும் முதல் ஊசி மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 2018-இல். 2021-இல் அவ்விருவர்க்கும், ஓல்சனுக்கும், மைக்கேல் மாஸ்கோவிட்ஸுக்கும் மூளை ஆராய்ச்சிப் பரிசு வழங்கப்பட்டது. இனி எவரும் இதை மனமயக்கம் என்று சொல்ல வழியில்லை. இந்நோய் ஆண்களைவிடப் பெண்களை இரண்டு, மூன்று மடங்கு மிகுதியாகத் தாக்குகிறது. மாதவிலக்கின் சுழற்சியும் அதற்கொரு காரணம். கருநாடக மாநிலத்தில் வீடு வீடாகச் சென்று நடத்திய ஆய்வொன்று, ஓராண்டிற்குள் வயது வந்தோரில் நால்வரில் ஒருவர்க்கு இந்நோய் வந்ததாகக் கண்டது. பக்கத்து மாநிலம்! அடுப்படிப் புகையிலும், வயல் வெயிலிலும், தறிச் சத்தத்திலும் எத்தனை பேர் பல்லைக் கடித்து நிற்கின்றனரோ!

பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட முடியாது. மேசைமேல் தலை கவிழ்த்த மாணவியைப் பார்த்து, "கணக்குப் பாடம் என்றால் மட்டும் தலைவலியோ?" என்று வகுப்பே சிரிக்கக் கேட்கும் ஆசிரியர்களில் நாமும் அடக்கம். குழந்தைகளுக்கும் இந்நோய் வரும்; அவர்களுக்குச் சில மணி நேரத்திலேயே ஓய்ந்துவிடுவதால், மாலையில் அவள் ஓடி விளையாடுவதைக் கண்டு, காலையில் சொன்னது பொய் என்று முடிவு செய்துவிடுகிறோம்.

இன்று தலைவலி மருத்துவர் நோயாளியிடம் முதலில் கேட்பது ஒரு நாட்குறிப்பு. ஆன் கான்வே அம்மையார் கடிதங்களில் எழுதியது போலத்தான். பழைய பள்ளி நோட்டு ஒன்று போதும். நாள், தொடங்கிய மணி, முடிந்த மணி, எந்தப் பக்கம், வாந்தி உண்டா, கண்முன் ஏதேனும் மின்னியதா, எத்தனை மாத்திரை, முந்திய இரவு உறக்கம், உண்ணாமலிருந்த நேரம், பெண்ணாயின் மாதவிலக்கு நாள். இரண்டு மூன்று மாதம் எழுதி எடுத்துச் சென்றால் மருத்துவர் அதைப் படிப்பார். முதல் பக்கத்தின் மேல், எழுதியவர் தம் பெயரையும் எழுதி வைக்கலாம்.